இதயத்தைக் காக்க ஒரு கூடு: லைப்போசோம் கீமோ பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ புற்றுநோய் என்று தெரிந்து, டாக்டர் எழுதிய சீட்டில் 'லைப்போசோமல் டாக்ஸோரூபிசின்' என்ற பெயரைப் பார்க்கிறீர்கள். "இது கட்டிக்கு மட்டும் போகிற மருந்து, பக்கவிளைவே வராது" என்று யாரோ சொல்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால் சிகிச்சை நாட்களைச் சமாளிப்பது எளிதாகும்.

புற்றுக்குக் கொடுக்கிற மருந்து முடியையும் வாயையும் ஏன் பாதிக்கிறது?

கையில் ஏற்றுகிற ஊசி மருந்து இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. கீமோ மருந்துகளில் பெரும்பாலானவை வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. புற்றுச் செல் வேகமாகப் பெருகுகிறது. முடி வேரில் இருக்கும் செல்லும், வாய், குடல் உள்தோலும், எலும்பு மஜ்ஜையும் அப்படித்தான் பெருகுகின்றன. மருந்துக்கு இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் இரத்த அணுக்கள் குறைவதும் அதனால்தான்.

டாக்ஸோரூபிசினில் அப்படி என்ன சிக்கல்?

இது பழைய மருந்து, நல்ல மருந்து. இத்தாலியில் காஸ்டெல் டெல் மோன்டே என்ற கோட்டையின் பக்கத்து மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து தொடங்கியது இதன் கதை. மார்பகம், சினைப்பை, இரத்தம், நிணநீர் என்று பல புற்றுகளுக்கு அரை நூற்றாண்டாகக் கொடுத்து வருகிறார்கள். பாட்டிலில் பார்த்தால் நல்ல சிவப்பாக இருக்கும்.

சிக்கல் இதயத்தில். இந்த மருந்து இதயத் தசையைச் சிறுகச் சிறுகக் கெடுக்கிறது. ஒரு சுற்றில் கெட்டது அடுத்த சுற்றுக்குள் சரியாகிவிடுவதில்லை, சேர்ந்துகொண்டே போகிறது. அதனால் வாழ்நாள் முழுவதற்கும் சேர்த்து ஓர் உச்ச அளவு வைத்திருக்கிறார்கள்: உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை. ஒரு சுற்றுக்கு 60 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டால் ஏழெட்டுச் சுற்றுகளிலேயே அந்த எல்லையை நெருங்கிவிடுவீர்கள். மருந்து கட்டியைக் கரைத்துக்கொண்டே இருக்கும், ஆனாலும் நிறுத்தியாக வேண்டும். டாக்டர்களை மிகவும் வருத்திய நிலைமை இதுதான்.

அப்படியானால் மருந்தை இதயத்துக்குப் போகாமல் தடுக்க முடியாதா?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர்கள் ஜெருசலேமில் இருந்த இருவர். ஒருவர் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியலாளர் யெஹெஸ்கேல் பாரன்ஹோல்ஸ். இன்னொருவர் ஹதாஸா மருத்துவமனையின் புற்றுநோய் மருத்துவர் ஆல்பெர்ட்டோ கபிசோன். மருந்தின் வேதியியலை மாற்றாமல், அதை ஒரு நுண்ணிய கூட்டுக்குள் வைத்து அனுப்பிப் பார்க்கலாம் என்று நினைத்தார்கள்.

அந்தக் கூடு ஏற்கெனவே இருந்தது. அதன் பெயர் லைப்போசோம் (கொழுப்புப் படலத்தால் ஆன நுண்குமிழி). நம் செல்களின் மேலுறை எந்த வகைக் கொழுப்பால் ஆனதோ அதே வகைக் கொழுப்பைத் தண்ணீரில் கலந்தால் அது தானாகவே சுருண்டு குமிழியாகிவிடும். 1960-களில் இங்கிலாந்தின் பேப்ரஹாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பேங்ஹாம் இதைக் கண்டறிந்தார்.

குமிழிக்குள் மருந்தை ஊற்றினால் வேலை முடிந்ததா?

இல்லை. 1980-களில் ஹதாஸாவில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் வகைக் குமிழி தோற்றுப்போனது. இரண்டு காரணங்கள். குமிழியின் சுவரில் ஒட்டியிருந்த மருந்து வழியிலேயே இரத்தத்தில் கசிந்தது. கசியாமல் மிஞ்சிய குமிழிகளை, ஈரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் விழுங்கு செல்கள் (அந்நியத் துகள்களைத் தின்று அகற்றும் செல்கள்) 'வெளியார்' என்று கண்டு விழுங்கிவிட்டன. கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம்.

இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கிற இடம் இந்தத் தோல்விதான். மருந்து எங்கே போனது என்பதை நோயாளியின் இரத்தத்திலேயே அளந்து பார்த்து, குறை எது என்று பிரித்தறிந்து, இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்தார்கள்.

கசிவை நிறுத்த ஓர் உப்பு உதவியது. குமிழிக்குள் அம்மோனியம் சல்பேட் கரைசலை நிரப்பி, வெளியே அது இல்லாமல் செய்தால், வெளியே இருக்கிற மருந்து தானாகவே உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே போனதும் சல்பேட்டுடன் சேர்ந்து படிகமாக உறைந்துவிடுகிறது. படிகமான பிறகு கசிய வழியில்லை. ஒரே குமிழிக்குள் 10,000-க்கும் மேற்பட்ட மருந்து மூலக்கூறுகள் அடங்குகின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்த படங்களில், வட்டக் குமிழியின் நடுவே கோடுபோலப் படிகம் கிடப்பதால் ஒவ்வொன்றும் ஒரு காபிக் கொட்டையைப் போலவே தெரியும்.

விழுங்கு செல்களிடமிருந்து தப்புவதற்கு, குமிழியின் மேல் 'பெக்' (பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற நீர் விரும்பும் இழை) நட்டார்கள். இந்த இழைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இரத்தப் புரதங்கள் சட்டென்று குமிழியில் ஒட்ட முடிவதில்லை. புரதம் ஒட்டினால்தானே விழுங்கு செல் அடையாளம் காணும்? சீட்டில் 'பெகிலேட்டட்' என்ற சொல் இருந்தால் இந்த இழையைத்தான் குறிக்கிறது.

சாதா டாக்ஸோரூபிசின் இரத்தத்தைவிட்டுச் சில நிமிடங்களிலேயே திசுக்களுக்குள் போய்விடும். புதிய குமிழியில் இருந்த மருந்து பாதியாகக் குறையவே ஏறத்தாழ இரண்டு நாட்கள் ஆயின. புற்றால் நெஞ்சிலும் வயிற்றிலும் தேங்கிய நீரைக் கபிசோன் குழுவினர் எடுத்து அளந்தபோது, அதில் மருந்தின் அளவு சாதா ஊசியைவிட 4 முதல் 16 மடங்கு கூடுதலாக இருந்தது. அந்த முடிவு 1994-இல் வெளியானது. 1995 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. (மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பு) 'டாக்ஸில்' என்ற பெயரில் இதற்கு அனுமதி தந்தது. முதலில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சார்கோமா என்ற புற்றுக்கு, 1999-இல் சினைப்பைப் புற்றுக்கு, 2007-இல் மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுக்கு. நானோ மருந்து (மில்லிமீட்டரின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்பட்ட மருந்து) என்ற வகையில் எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற முதல் மருந்து இது.

கட்டி எங்கே இருக்கிறது என்று குமிழிக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. பலரும் தவறாக நினைப்பது இங்கேதான். குமிழி தேடிப் போவதில்லை, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

அதன் அளவுதான் வழி காட்டுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, குமிழியின் குறுக்களவு ஏறக்குறைய அவ்வளவு. இதயத்தின் நுண் இரத்தக்குழாய்ச் சுவரில் இந்த அளவுக்கு இடைவெளி கிடையாது. அதனால் குமிழி அங்கே குழாயை விட்டு வெளியேற முடிவதில்லை. கட்டியோ அவசர அவசரமாக வளர்வதால் அதன் இரத்தக்குழாய்களும் அரைகுறையாக முளைக்கின்றன. சுவரில் இடைவெளிகள் விழுந்திருக்கும். குமிழி அந்த வழியே கசிந்து உள்ளே தங்கிவிடுகிறது. ஜப்பானின் குமமோட்டோவில் ஹிரோஷி மயேடாவும் யசுஹிரோ மட்சுமுராவும் 1986-இல் இதை விளக்கினார்கள்.

அப்படியென்றால் மருந்து முழுவதும் கட்டிக்குள் போய்விடுமா?

இதற்கு நேரான பதிலை நீங்கள் கேட்டே ஆக வேண்டும். 2016-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் வாரன் சான் குழுவினர், அதற்கு முந்தைய பத்தாண்டில் வெளியான விலங்குச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏற்றிய நானோ துகள்களில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம். நூற்றில் ஒன்றுகூட இல்லை. மனிதர்களிலும் இடைவெளி எல்லாக் கட்டியிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே ஆளின் இரண்டு கட்டிகளுக்குள்ளேயே வித்தியாசம் இருக்கும்.

பிறகு எதற்கு இந்த மருந்து?

2004-இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். பரவிய மார்பகப் புற்று உள்ள 509 பெண்களில் ஒரு பாதிக்குச் சாதா டாக்ஸோரூபிசின், மறு பாதிக்குக் குமிழி மருந்து. நோய் கட்டுக்குள் இருந்த காலமும் உயிர் வாழ்ந்த காலமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். இதயப் பாதிப்பு வரும் ஆபத்து மட்டும் சாதா மருந்தில் மூன்று மடங்குக்கும் மேல். முடி கொட்டியவர்கள் சாதா மருந்தில் 66 சதவீதம், குமிழி மருந்தில் 20 சதவீதம்.

ஆகவே யாராவது "இது வீரியமான கீமோ" என்று சொல்லி விற்றால் நம்பாதீர்கள். அந்த ஆய்வில் இது புற்றைக் கூடுதலாகக் கொல்லவில்லை. உங்கள் இதயத்தைத்தான் காத்தது. ஏற்கெனவே டாக்ஸோரூபிசின் நிறைய ஏற்றியவருக்கும், வயதானவருக்கும், இதயம் சற்றுப் பலவீனமானவருக்கும் அது மிகப் பெரிய வித்தியாசம். இளம் வயதில், நல்ல இதயத்தோடு, நான்கே சுற்று சாதா மருந்து போதும் என்று டாக்டர் சொன்னால், மலிவான மருந்தைக் கொடுத்து உங்களை ஏமாற்றுகிறார் என்று எண்ண வேண்டாம்.

அதே ஆய்வில் வேறு ஏதும் கூடியதா?

கூடியது. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும் தொல்லை (கை-கால் தோல் பாதிப்பு) சாதா மருந்தில் 2 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. குமிழி மருந்தில் 48 சதவீதம் பேருக்கு. வாய்ப்புண்ணும் சற்றுக் கூடுதல். குமிழி நாள்கணக்கில் இரத்தத்தில் சுற்றுவதால், அழுத்தமும் உராய்வும் சூடும் படுகிற தோலில் மருந்து சேர்ந்துவிடுகிறது.

பொதுவாக முதல் சுற்றில் தெரியாது. இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு தலைகாட்டும். முதலில் உள்ளங்கையில் ஊசி குத்துவதுபோல் ஒரு மதமதப்பு. அடுத்துச் சிவப்பு, வீக்கம். கவனிக்காமல் விட்டால் கொப்புளம், தோல் உரிதல், டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாத வலி. மதமதப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிட்டால் அடுத்த ஊசியை ஓரிரு வாரம் தள்ளிப்போடுவார், அல்லது அளவைக் குறைப்பார். பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். "மருந்தை நிறுத்திவிடுவார்களோ" என்று பயந்து மறைப்பவர்கள்தான் கடைசியில் நிறுத்த வேண்டிய நிலைக்கு வருகிறார்கள்.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

ஊசி போட்ட நாளிலிருந்து ஒரு வாரமாவது கைக்கும் காலுக்கும் சூடும் உராய்வும் படாமல் பாருங்கள். சொல்வது சுலபம்; நம் சமையலறையில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். சப்பாத்தி மாவு பிசையக் கூடாது. இடியாப்பம் பிழியக் கூடாது. கரித்துணியைப் பிடித்துக்கொண்டு சுடுபாத்திரம் இறக்கக் கூடாது. துணியைக் கல்லில் கும்மக் கூடாது. பாத்திரத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. வெந்நீர்க் குளியலும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, துண்டால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

சிகிச்சையில் இருக்கிற பெண்ணே அடுப்படியைப் பார்த்துக்கொள்ள வேண்டிய வீடுகள் நிறைய. வீட்டில் மற்றவர்கள் இந்த வரிகளைப் படிக்கிறீர்கள் என்றால், அந்த ஒரு வாரம் அடுப்படி வேலையை நீங்கள் எடுத்துக்கொள்வது உதவி என்பதைவிட, மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய சிகிச்சை என்றே சொல்வேன்.

மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை ஊசிக்கு முன்பே கழற்றிவிடுங்கள்; வீங்கிய பிறகு கழற்றுவது கஷ்டம். இறுக்கமான வார் வைத்த செருப்புக்குப் பதில் மெத்தென்ற அடி உள்ள தளர்வான செருப்பு. நீண்ட நடை, வெறுங்காலில் கோயில் பிராகாரம் சுற்றுவது, உச்சி வெயில் இவற்றை அந்த வாரம் தள்ளிவையுங்கள். வாசனை இல்லாத ஈரப்பத கிரீமைத் தேய்க்காமல் தடவி விடுங்கள்.

மருதாணி வைத்தால் குளிர்ச்சி என்று சொல்வார்கள். ஆனால் அதன் நிறம், டாக்டர் கண்ணால் பார்க்க வேண்டிய சிவப்பை மறைத்துவிடும். சிகிச்சை முடியும்வரை தவிர்ப்பதே நல்லது. மருந்து ஏறும்போது கையிலும் காலிலும் ஐஸ் பை வைக்கும் வழக்கம் சில மருத்துவமனைகளில் உண்டு. உங்கள் மருத்துவமனையில் உண்டா என்று நர்ஸிடம் கேளுங்கள்.

முதல் நாள் ஊசியின்போது ஏதாவது நடக்குமா?

நூற்றில் பத்துக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு, மருந்து ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் முகம் சிவக்கலாம், நெஞ்சோ முதுகோ இறுகலாம், மூச்சு வாங்கலாம். பெரும்பாலும் முதல் ஊசியில்தான் இது வரும். அதற்காகத்தான் மிக மெதுவாகத் தொடங்குகிறார்கள். "சும்மா இருக்கலாம், சரியாகிவிடும்" என்று பல்லைக் கடித்துக்கொள்ளாதீர்கள், உடனே கூப்பிடுங்கள். ஏற்றுவதை நிறுத்தி, சரியானதும் வேகத்தைக் குறைத்துத் தொடர்வார்கள். அரிதாகக் கடுமையாகவும் வரும் என்பதால் இந்த ஊசியை வசதியுள்ள மருத்துவமனையில்தான் போட வேண்டும்.

அடுத்த சில நாட்கள் சிறுநீர் ஆரஞ்சு சிவப்பாகப் போகலாம். அது மருந்தின் நிறம். இரத்தம் என்று பதற வேண்டாம். 38 டிகிரி செல்சியஸ் (100.4 ஃபாரன்ஹீட்) காய்ச்சல் வந்தால் மட்டும், இரவென்று பாராமல் மருத்துவமனைக்குப் பேசுங்கள். வெள்ளணு குறைந்திருக்கும்போது காய்ச்சலைப் பாராசிட்டமால் போட்டு மூடி வைப்பது ஆபத்து.

இதயத்துக்கு நல்லது என்றால் எக்கோ எதற்கு?

ஆபத்து குறைவு என்றுதான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. தொடங்கும் முன்பும் இடையிலும் எக்கோ (இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுப்பார்கள். முன்பு வேறு ஊரில் டாக்ஸோரூபிசினோ அதே குடும்பத்து எபிரூபிசினோ ஏற்றியிருந்தால் அந்தக் கணக்கும் வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரிகளை ஒரே ஃபைலில் வைத்திருங்கள். அதோடு, ஓராண்டுக்கு மேல் இந்த மருந்தில் இருந்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் வாயில் புற்று வந்திருக்கிறது. அரிதுதான், ஆனாலும் ஆறாத புண் வாயில் தெரிந்தால் காட்டுங்கள்.

சாதா டாக்ஸோரூபிசினும் இதுவும் ஒன்றுக்கொன்று மாற்றா?

அல்லவே அல்ல. அளவு வேறு, ஏற்றும் வேகம் வேறு, சுற்றுகளுக்கு இடைப்பட்ட காலமும் வேறு. சீட்டில் இருக்கும் 'லைப்போசோமல்' என்ற சொல் பில்லிலும் பாட்டிலிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்தியக் கம்பெனிகள் செய்கிற இதே மருந்து தரமானதா என்ற சந்தேகமும் வரும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2011-இல் டாக்ஸில் தயாரித்த அமெரிக்க ஆலை முடங்கி, அங்கே கடும் தட்டுப்பாடு வந்தது. 2012 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. தற்காலிகமாக இறக்குமதி செய்ய அனுமதித்தது இந்தியாவின் சன் ஃபார்மா செய்த 'லிபோடாக்ஸ்' மருந்தைத்தான். 2013-இல் அதே கம்பெனியின் ஜெனரிக்குக்கு (மூல மருந்துக்குச் சமமான மாற்று) முறையான அனுமதியும் கிடைத்தது.

தேடிப் போய்த் தாக்கும் மருந்து என்று ஒன்று இல்லவே இல்லையா?

இருக்கிறது, அது வேறு வகை. ஆன்டிபாடி-மருந்து இணைப்பு (புற்றுச் செல்லின் மேலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தில் போய் ஒட்டும் எதிர்ப்புரதத்தின் முதுகில் கீமோவைக் கட்டியது) என்று சொல்வார்கள். மார்பகப் புற்றில் டிராஸ்டுஜுமாப் எம்டான்சின் 2013-இலும், டிராஸ்டுஜுமாப் டெரக்ஸ்டிகான் 2019-இலும் அமெரிக்க அனுமதி பெற்றன. இவை ஹெர்2 என்ற புரதத்தைப் பிடிப்பவை.

இங்கே உங்கள் பயாப்ஸி ரிப்போர்ட்தான் எல்லாம். ஹெர்2 பரிசோதனை 0, 1+, 2+, 3+ என்று வரும். 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையும் செய்து முடிவு சொல்வார்கள். 1+ என்றோ, 2+ வந்து ஃபிஷ் நெகட்டிவ் என்றோ இருந்தவர்களை முன்பெல்லாம் ஒட்டுமொத்தமாக 'நெகட்டிவ்' என்று ஒதுக்கிவிடுவார்கள். 2022-இல் இவர்களை 'ஹெர்2 குறைவு' என்று தனியே பிரித்து, நோய் பரவியிருந்தால் டெரக்ஸ்டிகான் கொடுக்கலாம் என்று எஃப்.டி.ஏ. அனுமதித்தது. ஆகவே பழைய ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால், எண் என்ன என்று கேளுங்கள். மெழுகில் பதித்து வைத்த திசுக் கட்டி ('பிளாக்' என்பார்கள்) லேபில் இருந்தால் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மறுபடி சோதிக்க அதுதான் தேவைப்படும்.

இந்த மருந்துக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு. டெரக்ஸ்டிகான் எடுக்கும்போது புதிதாக வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் அது சளி என்று விடாதீர்கள். நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், அது உயிருக்கே ஆபத்தாகலாம். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். விலையும் மிக அதிகம். 2024 ஜூலை மத்திய பட்ஜெட்டில் இதற்குச் சுங்க வரியை நீக்கியிருக்கிறார்கள் என்பதால், பழைய விலையை வைத்து முடிவெடுக்காமல் இன்றைய விலையைக் கேட்டுப் பாருங்கள்.

டிராஸ்டுஜுமாப், டிராஸ்டுஜுமாப் எம்டான்சின், டிராஸ்டுஜுமாப் டெரக்ஸ்டிகான் மூன்றும் வெவ்வேறு மருந்துகள், அளவுகளும் வேறு. பெயர்க் குழப்பத்தால் ஆபத்து நேரக்கூடும் என்றே அமெரிக்காவில் எம்டான்சினின் பெயருக்கு முன் 'அடோ' என்று ஒரு முன்னொட்டைச் சேர்த்தார்கள். பாட்டிலைத் தொங்கவிடும்போது நர்ஸிடம் முழுப் பெயரையும் வாசிக்கச் சொல்லி, உங்கள் சீட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு சொல் விடுபட்டிருந்தாலும் டாக்டர் வந்து பார்க்கும்வரை ஏற்ற வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.